வெள்ளைக் கொடி கட்டிய ரோடு

அப்பா,

காலையில் பாண் வண்டி தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலில் வந்து நின்றது. சுடச்சுட வாசனை என் அறைக்குள் ஏறி வந்ததும் அழுகை முட்டிக்கொண்டது. கூடவே உங்கள் மேல் கோபமும். நீலகிரியில் நம் பந்தலூர்க் கடையில் ஊரே பிரெட் என்று கேட்கும்போது, நீங்கள் மட்டும் கடைசிவரைக்கும் "ஒரு றாத்தல் பாண் குடுங்க" என்றுதானே கேட்டீர்கள். "ஏனுங்க சிலோன்காரரே, இன்னும் கப்பல்ல இருந்து எறங்கலீங்களா?" என்று கடைக்காரர் சீண்டுவார். "ஏத்தி விட்டவன் எறக்கி விடலியே" என்பீர்கள். அவர் சிரிப்பார், நீங்கள் சிரிக்கமாட்டீர்கள்.

இன்னும் சில நாளில் இங்கே என் வேலை முடிகிறது. நீங்கள் பிறந்த இந்த இலங்கை மலையில், தோட்டத்துக் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்கிற தன்னார்வ நர்ஸாக ஒரு வருஷம் என்று வந்தவள் நான். இங்கே என் பெயர் இந்தியா மிஸ்ஸி. நர்ஸை மிஸ்ஸி என்பார்கள் என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்?

நான் கிளம்புகிறேன் என்றதும் நீங்கள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! "வேணாமுன்னு கப்பலேத்துன ஊருக்கு நீ ஓசியில ஊழியம் பாக்கப் போறியா புள்ள?" என்று கத்திவிட்டு, ரெண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டீர்கள். அப்புறம் நீங்களே கூடலூர் போய் ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கி வந்து என் பெட்டி மேல் போட்டீர்கள். பஸ் ஏறும்போதுதான் வாய் திறந்தீர்கள்.

"போறதுன்னு ஆச்சு, முழுசா இருந்து முடிச்சிட்டு வா. பாதியில வராத."

அது ஏன் என்று எனக்குத் தெரியும். ஐந்தாவது படிக்கையில், வாத்தியார் கரும்பலகையில் போட்ட கணக்கு பாதியில் நிற்க, இந்தியாவுக்குத் திரும்பிப் போகச் சொல்லி உத்தரவு வந்துவிட்டதென்று தாத்தா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று உங்களைக் கூப்பிட்டார். அப்படியே ரயில், தலைமன்னாரில் கப்பல், மண்டபம் முகாம், கடைசியில் பந்தலூர் தேயிலைத் தோட்டம். அதன்பிறகு நீங்கள் பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் ஒரே கேள்விதான் கேட்பீர்கள்: "அங்க மழையா?" மழைதான் என்றால் "ம், அங்க விடாதுதானே" என்று குரல் கொஞ்சம் இளகும். தோட்டம் எப்படி இருக்கிறது, லயம் இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கடைசி ரெண்டு மூன்று தடவை மூச்சு வாங்கினீர்கள். நான் துருவிக் கேட்டதற்கு, "சளி புடிச்சிருக்கு. ஒன் வைத்தியத்த அங்கயே வச்சுக்க" என்று வைத்துவிட்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு சொன்ன பொய் அது. தம்பி ஒரு காலையில் கூப்பிட்டுத் தேம்பினான். "அப்பா போயிட்டாருக்கா. நேத்தே அடக்கம் பண்ணிட்டோம். அக்காகிட்ட மூச்சு விட்டே, என் மொகத்துலயே முழிக்காதன்னு சொல்லிட்டாருக்கா. பாதியில ஏறி வந்தவன் நான் ஒருத்தன் போதும்னு சொன்னாரு."

சாவதிலுமா வீம்பு? என்ன மனுஷன் அப்பா நீங்கள்!

அன்றைக்கு எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. யூனிபார்மைப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். குழந்தைகளை எடை பார்த்தேன், ஊசி போட்டேன். கூட வேலை செய்கிற பெண்ணிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். சாயங்காலம் திரும்பி நடந்து வரும்போது, முச்சந்தியில் இருந்து ரோட்டின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி வெள்ளைத் துணிக் கொடிகள் தொங்கின. இங்கே ஒரு சாவு விழுந்தால் அப்படித்தான் கட்டுவார்கள். எந்த லயத்தில் யாரோ, பிரசவத்துக்கு இருந்தவளா, குழந்தையா என்று எனக்குப் பதறிவிட்டது. கொழுந்துக்கூடையோடு எதிரே வந்த ராமாயியக்காவை நிறுத்தினேன்.

"அக்கா, யார் வீட்டுல?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்ன மிஸ்ஸி கேக்குறீங்க? ஒங்க வீட்டுல தானே."

ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன் அப்பா. அதுவரைக்கும் வராத அழுகை எல்லாம் அங்கேதான் வந்தது. அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார். அவருக்கு உங்கள் முகம் தெரியாது, பேர் தெரியாது. "அவருக்கு இந்த ஊருல இப்ப யாரையும் தெரியாதுக்கா, சின்னதுலயே போயிட்டாரு" என்றேன். "போனா என்ன? இங்க பொறந்தவரு தானே, நம்ம ஆளு தானே" என்றார். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று மூன்று நாளும் லயத்தில் இருந்து ரொட்டியும் பால் ஊற்றாத பிளேன்டீயும் வந்தன. பந்தலூரில் மைக் கட்டிய ஆட்டோ "சிலோன்காரர் காலமானார்" என்று சொல்லிக்கொண்டு போனதாம், தம்பி சொன்னான்.

இங்கே இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். உங்கள் நாற்காலி காலியாக இருக்கிற வீட்டுக்குப் போவதைவிட அது சுலபம்தான், ஆசையாகவும் இருந்தது. ஆனால் முடியாது என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்னபடி முழுசாக முடித்தாயிற்று, வருகிறேன்.

ஊருக்கென்று வாங்கியது எதுவும் இல்லை. மனசு நிறைய ஒரு சண்டையைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறேன். பிறந்த ஊரிலும் உங்களுக்காக அழுதுவிட்டார்கள், வாழ்ந்த ஊரிலும் அழுதுவிட்டார்கள். பெற்ற மகள் நான் மட்டும் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன் அப்பா?