வேள்குலத்து வயிற்றுநோய் குறித்து அண்ணனுக்கு விடுத்த ஓலை

மங்கலம் நிலைக்க. கருநொச்சி நாட்டு ஆறுகள் கரைக்குள் நடக்க. ஏரிகள் நிறைந்து நிற்க. உழுத காளைக்கும் உழைத்த கைக்கும் பசித்த வேளையில் உணவு தப்பாதிருக்க.

மறைந்த மாமன்னர் நன்னவேளின் தலைமகனும், மஞ்சாடி மலைக்கோட்டையின் காவலரும், கருநொச்சி அரியணைக்கு உரியவரும், எனக்கு ஒரே அண்ணனுமாகிய இளவரசர் கீரவேள் அவர்களின் திருமுன்புக்கு, தந்தையார் மறைந்த நாள்தொட்டு அவ்வரியணையைத் தங்கள் பொருட்டுக் காத்துவரும் தங்கை இளநாச்சி, நொச்சிமாநகர் அரண்மனையிலிருந்து வணங்கி விடுக்கும் ஓலை. கோட்டைக்கும், கோட்டை வீரர்க்கும், மலையடிவாரத்துக் குடிகளுக்கும் நலம் விளைக. இங்கே யாவரும் நலம். மழை பிந்திப் பெய்தது, ஆயினும் பெய்தது.

தாங்கள் ஆவணி பத்தாம் நாள் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. அதைச் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று தாங்களே பார்த்துக்கொள்ளும்படி, எழுதியிருந்ததை முதலில் சுருக்கித் திருப்பிச் சொல்கிறேன். பாட்டனார் பெருவேள் முப்பத்தொன்பதாம் வயதில் வயிறு ஊதி, உடல் வற்றி, கழிச்சல் நில்லாமல் மறைந்தார். தந்தையார் நாற்பத்தாறில் அவ்வாறே மறைந்தார். இப்போது இருபத்தேழு வயதாகும் தங்களுக்கும், சென்ற மாசி முதல், உண்டபின் வயிறு பறைபோல் இறுகுவதும், வாயில் புண் காண்பதும், குதிரை ஏறினால் கால் நடுங்குவதும் தொடங்கிவிட்டன. ஆகையால் முடி வேண்டாம். தும்பையூர்க் கோமகள் மாதங்கியோடு நிச்சயித்த மணமும் வேண்டாம். இந்நோயை இன்னொரு தலைமுறைக்குக் கொடுக்க மனம் இல்லை. நோய் தீண்டாத உடம்புடைய தங்கையே ஆளட்டும் என்பது தங்கள் முடிபு.

இவ்வோலையை நான் அவையில் வைக்கவில்லை. வைக்காதது முறையன்று என்று அமைச்சர் அறிந்தால் சொல்வார், சொல்லிக்கொள்ளட்டும். முதல் நாள் அழுதேன். மறுநாள், அழுது ஆவதென்ன என்று, நம் குலத்தில் இந்நோய் கொண்டு இன்றும் உயிரோடிருக்கும் சிற்றப்பா குமரவேளைக் காணச் சென்றேன்.

அவர் எல்லைப் போரில் பிடிபட்டுப் பதினான்கு மாதம் பகைவர் சிறையில் கிடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். போகும்போது குச்சியாகப் போனவர், திரும்பும்போது கன்னம் உப்பி வந்தார். அவரை வரவேற்க அழுதுகொண்டு நின்ற பெண்கள், அந்தக் கன்னத்தைக் கண்டதும் அழுகையை நிறுத்திவிட்டார்கள். பகைவனோடு உறவாடினார் என்றுகூட அவையில் முணுமுணுத்தார்கள். அரண்மனைக்கு வந்த ஆறே மாதத்தில் மறுபடியும் குச்சியானார்; அதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. சிறையில் என்ன உண்டீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை ஓலைநாயகம் எழுதினால் அழகுபடுத்திவிடுவார் என்பதால், நானே அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

“நாச்சி, சிரிக்காம கேளு. என் வயிறு நல்லா இருந்த காலம்னா, அது கால்ல விலங்கு கிடந்த காலந்தான். காலையில கேழ்வரகுக் களி. பொழுது சாஞ்சா கேழ்வரகுக் களி. நடுவுல ஏதாச்சும் கிடைச்சா, அதுவும் களி. அவன் பகைவன்தான், இல்லேங்கல. ஆனா அவன் அடுப்பை நான் வாழ்த்தாத நாள் இல்ல. பேசாம என்னை மறுபடி அங்கேயே அனுப்பிடேன், உனக்குப் புண்ணியமாப் போகும்.”

சிரிக்கத்தான் செய்தேன். ஆனால் திரும்பி வரும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. நேரே மடைப்பள்ளிக்குப் போய், தலைவி பூதியை அழைத்து, இந்த அடுப்பில் வேகிறதும் உன் வீட்டு அடுப்பில் வேகாததும் எது என்று கேட்டேன். நான் திருட்டை விசாரிக்க வந்ததாக எண்ணிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

“இருபது வருசமா இந்தப் புகையில வெந்துக்கிட்டு இருக்கேன். ஒரு பிடி உப்பு மடியில கட்டிக்கிட்டுப் போனேன்னு எவளாச்சும் என் மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும் பாப்போம்!” என்றாள்.

அப்படியில்லை என்று நெடுநேரம் தணிவித்த பிறகு, விரல் மடக்கி எண்ணினாள். அரிசி அங்கும் உண்டு, மீன் உண்டு, மோர் உண்டு, நெய் கொஞ்சம் உண்டு. கடைசி விரலில் நின்றாள். “கோதுமை மட்டுந்தாம்மா எங்க வீட்ல இல்ல. ராசா வீட்டுக்குன்னே வடக்கேருந்து மூட்டையில வர்றது. அதை நாங்க அரைக்கிறதோட சரி, ருசி பாத்தது கெடையாது.”

அண்ணா, கோதுமை நம் நாட்டில் விளைவதில்லை. பாட்டனார் வடபுலத்து வேந்தரோடு உடன்படிக்கை செய்த ஆண்டிலிருந்துதான் அது ஆண்டுதோறும் அன்புக்கொடையாக வருகிறது. நம் குடும்பம் தவிர இந்நாட்டில் அதை உண்பவர் இல்லை. நம் குடும்பம் தவிர இந்நாட்டில் இந்நோய் உற்றவரும் இல்லை. குடிகள் இதை அரியணையின் நோய் என்கிறார்கள். நாமும் அப்படியே நம்பினோம். அதற்கும் மேலே ஒன்று. நம்மில் ஒருவர் நோயுற்றால் உடனே சோறும் மீனும் நிறுத்தப்பட்டன. எளிதில் செரிக்கும், வலிமை தரும் என்று மூன்று வேளையும் கோதுமைக் கஞ்சியே கொடுக்கப்பட்டது. தந்தையார் கடைசி இரண்டு ஆண்டுகள் அதைத் தவிர வேறொன்றும் உண்ணவில்லை. காலைக் கிண்ணம் என் கையால் கொடுத்தது. இதைப் பற்றி மேலும் எழுத எனக்கு இயலவில்லை. நேரில் வந்தால் பேசுவோம்.

அரண்மனை மருத்துவர் சேந்தனாரிடம் இதைச் சொன்னேன். சினந்தார். கோதுமையைக் குறை சொல்வது மருத்துவ நூலையே குறை சொல்வதாகும் என்றார். நான் எதிர்வாதம் செய்யவில்லை. இந்த அரண்மனையில் அக்கஞ்சியால் தேறியவர் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன். எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை, அழைக்காமலே வந்து நின்றார். தாம் இங்கே மருத்துவம் பார்த்த முப்பத்திரண்டு ஆண்டில் அப்படி ஒருவரும் இல்லை என்றும், தம் கல்வி இதுவரை இக்கேள்வியைத் தம்மிடம் கேட்கவில்லை என்றும் சொல்லித் தலைகுனிந்தார். பிறகு, நிறுத்திப் பார்த்துத்தான் உண்மை அறிய வேண்டும், யாரை வைத்துப் பார்ப்பது என்று கேட்டார். என்னை வைத்து என்றேன்.

தங்கள் ஓலையில் ஒரே ஒரு பிழை இருக்கிறது, அது இங்கேதான். நோய் தீண்டாத உடம்பு என்று என்னைக் குறித்தீர்கள். எனக்கு இந்நோய் வந்து இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் ஆகின்றன. தந்தையார் படுக்கையில் இருக்கும்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் மறைந்த பின்பு சொல்லத் துணிவு வரவில்லை. வயிறு இறுகிய நாளெல்லாம் நோன்பு என்று சொல்லி உண்ணாமல் இருந்தேன்; நாச்சியார் பக்தியில் மிக்கவர் என்று ஊரில் பெயர் வந்ததுதான் மிச்சம். தங்களுக்கு வந்த அச்சம் என்னவென்று எனக்கு எழுத்தால் தெரிய வேண்டியதில்லை. எத்தனை வயதில் நமக்கு என்று விரல்விட்டு எண்ணும் அந்தக் கணக்கை நானும் போட்டவள்தான்.

ஆவணி இருபதாம் நாள் கோதுமையை நிறுத்தினேன். எட்டு நாளாகியும் ஒரு மாற்றமும் இல்லை, மனம் விட்டுப்போயிற்று. ஒன்பதாம் நாள் மடைப்பள்ளியில் நின்று பார்த்தபோது, என் கேழ்வரகு மாவைக் கோதுமை மாவு சலிக்கும் சல்லடையிலேயே பூதி சலிப்பதைக் கண்டேன். அவள்மேல் குற்றமில்லை, நான் சொல்லவில்லை. அன்று முதல் எனக்குச் சல்லடை வேறு, திரிகை வேறு, சட்டி வேறு. இருபதாம் நாள் வயிறு இளகிற்று. முப்பத்தைந்தாம் நாள் வாய்ப்புண் ஆறிற்று. நாற்பத்தெட்டாம் நாள், கையை உயர்த்தினால் முழங்கைக்கு ஓடும் என் வளையல்கள் மணிக்கட்டிலேயே நின்றன.

மருத்துவர் மகிழ்ந்தார், எனக்கு அது போதவில்லை. நாற்பத்தொன்பதாம் நாள் நெய் வார்த்த கோதுமை அடை ஒன்றை வேண்டுமென்றே உண்டேன். அன்று மாலையே வயிறு இறுகிற்று. மூன்றாம் நாள் வாயில் புண் வந்தது. ஆறவிட்டு, இன்னொரு முறை உண்டு பார்த்தேன், அதுவே நடந்தது. மூன்றாம் முறை வேண்டாம் என்று மருத்துவர் கைகூப்பினார். எனக்கும் ஆசை இல்லை. சிற்றப்பாவும் என் சட்டியிலேயே உண்ணத் தொடங்கி ஐம்பது நாள் ஆகிறது. சென்ற கிழமை குதிரை மேல் ஏறி ஏரிக்கரை வரை போய் வந்தார்.

இத்தனை நாள் நலம் விசாரிக்கும் ஓலைகள் மட்டும் விடுத்து, இதைச் சொல்லாமல் இருந்ததற்குப் பொறுக்க வேண்டும். உறுதியில்லாத ஒன்றை நம்பிக்கை என்று தங்கள் கையில் வைக்க அஞ்சினேன். அந்நாட்களில் தங்கள் வயிறு நொந்திருந்தால் அது என் தயக்கத்தின் பிழை.

தெரியாததையும் சொல்லிவிடுகிறேன். இந்நோய் நம் குருதியை விட்டுப் போய்விட்டது என்று மருத்துவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். குருதியில் இருக்கிறது, யாரிடம் தலைகாட்டும் என்று அறிய வழியில்லை. பெரிய அத்தை அறுபது வயதில் வேளைக்கு நான்கு கோதுமை அடை உண்டு, கரும்பும் கடிக்கிறார். அவரும் பாட்டனாரின் மகள்தான். தங்களுக்கு வந்திருப்பது இதுதானா என்பதும் உண்ணாமல் இருந்து பார்த்தால்தான் தெரியும். தங்கள் பிள்ளைகளுக்கு வரலாம், வராமலும் போகலாம். வந்தால் அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே வேறு சட்டி இருக்கும். நமக்கு அது இல்லாமற்போயிற்று, அவ்வளவே வேற்றுமை. ஆனால் அது சிறிய வேற்றுமையன்று.

மணம் வேண்டாம் என்று தாங்கள் எழுதியதையும், கோதுமை பற்றி நான் கண்டதையும் தும்பையூர்க் கோமகளுக்கு நான் மறைக்காமல் தெரிவித்தேன். தங்கள் இசைவு கேட்கவில்லை. அவர் விடுத்த மறுமொழி வருமாறு: “எங்கள் வீட்டில் ஆண் பெண் அனைவருக்கும் நாற்பதுக்குள் பல் கொட்டிவிடும், என் தந்தையார் வாய் திறந்து சிரித்து நான் பார்த்ததில்லை. இதைப் பெண்பார்க்க வந்தவர்களிடம் நாங்கள் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. தங்கள் அண்ணனார் இதை அறிந்து, பல்லில்லாதவளும் கோதுமை ஆகாதவரும் சேர்ந்து உண்ணத்தக்கது களிதான் என்று உணர்ந்தால், நாள் குறித்து அனுப்பவும்.” நான் இதற்கு ஒரு சொல்லும் கூட்டவில்லை.

முடிசூட்டு நாளில் புதிய வேந்தர் அவையோர் முன் கோதுமை அடை உண்ண வேண்டும் என்ற வழக்கம் ஒன்று தடையாக நின்றது. நேற்று அவை கூட்டி, கோதுமை பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். என் நோயையும் சொன்னேன். ஒரு வாய்தானே, அதனால் என்ன என்று அமைச்சர் கேட்டார். அந்த ஒரு வாயை இருமுறை உண்டு பார்த்தவள் நான் என்றேன். இனி அவ்விடத்தில் தினை அடை என்று முடிவாயிற்று. வடபுலத்து வேந்தருக்கும் நன்றியோடு விளக்கம் எழுதியாயிற்று. அவர் அனுப்பும் கோதுமை இனி வழிப்போக்கர் சத்திரத்தில் வேகும். சென்ற திங்கள் சோதனையாக அங்கே உண்டவர்க்கு அது ஒரு தீங்கும் செய்யவில்லை என்று மருத்துவர் பார்த்து வந்து சொன்னார்.

இனி ஆணை. தாங்கள் முடி ஏற்கும் நாள் வரை இந்நாட்டில் தங்களுக்கு ஆணையிடக் கூடியவள் நான் ஒருத்தியே. இதுவரை அவ்வுரிமையைத் தொட்டதில்லை, இன்று தொடுகிறேன்.

இவ்வோலை கண்ட நாள் முதல் கோதுமை தங்கள் வாயில் படக்கூடாது. கோட்டைச் சமையற்காரரைத் தாங்களே அழைத்து, சட்டியும் சல்லடையும் வேறாக்கச் செய்க. நாற்பத்தெட்டு நாளும் உடம்பு நிலையை ஓர் ஓலை நறுக்கில் எழுதி வைத்து, தை மாத வளர்பிறை ஐந்தாம் நாள் அதனோடு நொச்சிமாநகர் வந்து சேர்க. நலம் கண்டிருந்தால் அன்றே முடிசூட்டு. காணாவிடின், வேறு காரணம் தேடச் சேந்தனார் காத்திருக்கிறார். அதுவரை அரியணையும் காத்திருக்கும்.

ஆள விருப்பமே இல்லை என்றால் அதையும் வெளிப்படையாக எழுதுக. நானே ஆள்வேன், அதற்கு நான் அஞ்சவில்லை. ஆனால் வயிற்றைக் காரணம் காட்டி எழுதும் ஓலையை நான் பெறமாட்டேன். இந்நோயோடு நாட்டை ஆள இயலாது என்று தாங்கள் எழுதினீர்கள். இந்நோயுள்ள ஒருத்தி நூற்றைம்பது நாளாக ஆண்டுகொண்டிருக்கிறாள். இடையில் ஓர் ஏரி உடைந்தது, அடைக்கப்பட்டது. ஓர் எல்லைப் பூசல் மூண்டது, ஓய்ந்தது. நோயாளியாகவே வருக. அரசராகவும் இருக்கலாம்.

கார்த்திகை எட்டாம் நாள், முற்பகலில், நொச்சிப்பூ இலச்சினை இட்டு விடுத்தேன். ஓலை கொணரும் வீரர் தம்மோடு ஒரு வெறும் வண்டி கொண்டு வருகிறார். கோட்டையில் எஞ்சியுள்ள கோதுமை மூட்டைகளை அதில் ஏற்றி அனுப்புக. அதையே மறுமொழியாகக் கொள்வேன்.

இவை தங்கை இளநாச்சியின் கையெழுத்து.