பாட்டரி ஏறப் பன்னிரண்டு மணி நேரம்

உங்கள் காக்கிச் சட்டையை இன்று உதறி மடித்தேன். பாட்டரித் தண்ணீர் தெறித்துச் சல்லடையாகிப்போன சட்டை, மடித்த இடத்திலேயே விட்டுக்கொண்டு வந்தது. அந்தப் புளித்த நெடி இன்னும் போகவில்லை.

அந்த நெடியோடுதான் என் சந்தேகமும் வீட்டுக்குள் வந்தது. சித்தையன்கோட்டையில் பாட்டரி ஏற்றும் மெஷின் கிடையாது. உங்கள் வாடகைக் காரின் பாட்டரியைச் சாக்கில் கட்டி, முதல் பஸ்ஸில் திண்டுக்கல் கொண்டுபோவீர்கள். காலை ஆறு மணிக்குக் கடையில் கொடுப்பதாகச் சொல்வீர்கள். வீடு திரும்ப இரவு ஒன்பது. பஸ் செம்பட்டி வழியாகத்தான் வரும். செம்பட்டியில் இட்லிக்கடை வைத்திருக்கிறவள் உங்கள் காரில் முன்சீட்டில் உட்கார்ந்து போனதாக ஊரில் பேச்சு இருந்தது.

பக்கத்து வீட்டு லாரி டிரைவர் அண்ணனிடம் நைசாக விசாரித்தேன். "ஆறு மணி நேரத்துல ஏறிரும் தங்கச்சி. கழட்டுனா நல்லாச் சுடும்" என்றார். அன்றிலிருந்து நீங்கள் கால் கழுவப் போனதும் சாக்குக்குள் கையை விட்டுப் பார்ப்பேன். ஒருநாளும் சூடு இருந்ததில்லை.

சோறு போடும்போது ஒருநாள் கேட்டே விட்டேன்.

"சில்லுனு இருக்கே. எப்பக் கழட்டுனது?"

"மெதுவா ஏத்துனா சுடாதுடி. பச்சப்புள்ளைக்குப் பால் குடுக்கிற மாதிரி."

"பால் குடுத்தது திண்டுக்கல்லுலயா, செம்பட்டியிலயா?"

பிசைந்த கையோடு என்னைப் பார்த்தீர்கள். பிறகு குனிந்து சாப்பிட்டு முடித்தீர்கள். என்ன சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அன்று முதல் தனியாகப் பாய் போட்டுப் படுத்தேன். நீங்கள் காய்ச்சலில் விழுந்தபிறகுதான் பாயைச் சேர்த்துப் போட்டேன். நாலாம் நாள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

கார் வாங்க வந்தவர் வண்டி கிளம்பவில்லை என்றதும், அதே சாக்கில் பாட்டரியைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நானே திண்டுக்கல் போனேன்.

"எம்புட்டு நேரம் ஆகும்ண்ணே?"

"இது அறுபது ஆம்பியர் பாட்டரி. கரண்டு ஆறு ஆம்பியர் விடுவேன். அறுபதை ஆறால வகுத்தா பத்து மணி நேரம். பழசு, விட்டதெல்லாம் உள்ள தங்காது. ரெண்டு சேத்துக்க, பன்னெண்டு" என்றார், சாக்கைப் பார்த்தே நான் யாரென்று தெரிந்துகொண்ட கடைக்காரர்.

"ஆறு மணி நேரத்துல ஏறாதா?"

"ஏத்தலாம். சுட்டு, தகடு வீணாப் போகும். ஒன் வீட்டுக்காரரு அதுக்குத்தான் இந்தப் பெஞ்சுலயே காவல் கெடப்பாரு. நான் வேகமா ஏத்திருவேன்னு மணிக்கொரு தரம் தொட்டுப் பாப்பாரு. மனுசன் என்னைய ஒருநாளும் நம்புனதில்ல."

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே கணக்கும் போட்டேன். காலை ஆறுக்குக் கொடுத்தால் சாயங்காலம் ஆறு. பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம். ஏழு. நீங்கள் வந்தது ஒன்பது.

திரும்பி வரும்போது பஸ் செம்பட்டியில் நின்றது. இட்லிக்கடையில் ஆவி பறந்தது. அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். இறங்கிக் கேட்டிருக்கலாம். மடியில் பாட்டரியை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்த இரண்டு மணி நேரத்துக்கு அவள் பதில் சொல்ல வேண்டாம். நீங்களே வந்து சொல்லுங்கள். நம்புவேனா என்று தெரியாது. பாயை மட்டும் தனியாகப் போட மாட்டேன்.