இறக்கையில் இல்லாத பட்டைகள்

20.1.2025, திங்கள்
ஆசிரியர் அறையில் கேக் வெட்டினார்கள். விலங்கியல் துறைக்கு நுண்ணோக்கிக் கேமரா வந்துவிட்டது. கேட்டு வாங்கியவள் அத்துறையின் புது ஆசிரியை இலக்கியா. கள்ளக்குறிச்சிக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இயற்பியலுக்கு ஒன்று வேண்டுமென்று நான் நான்கு வருடமாக எழுதிக் கொடுக்கிறேன்.
கேக் நன்றாகத்தான் இருந்தது.

23.1, வியாழன்
கல்வராயன் மலையில் பொறுக்கிவந்த வண்ணத்துப்பூச்சி இறக்கையைப் படமெடுத்திருக்கிறாள். செதில்களில் அகலமான பட்டைகள். இதுவரை யாரும் சொல்லாத அமைப்பாம். முதல்வருக்குத் தலைகால் புரியவில்லை. சென்னைக் கருத்தரங்குக்கு அனுப்புகிறார்.
"நான்சிக்கா, நீங்க பிசிக்ஸ். ஒருவாட்டி பாத்துட்டு சொல்லுங்க" என்றாள்.
நேரே கண் வைத்துப் பார்த்தேன். மயிரிழை போல நெருக்கமான கோடுகள்தான். பட்டை திரையில் மட்டும். லென்ஸ் பிரித்துக் காட்டும் மிகச் சிறிய இடைவெளிக்குள் கேமராவின் பிக்சல்கள் குறைந்தது இரண்டு விழ வேண்டும். இங்கே ஒன்றுதான் விழுகிறது. பாதிக் கோடுகளைத் தவறவிட்டு, இல்லாத பட்டையை அது காட்டுகிறது. அவள் போனில் பேசும்போது கேமராவை லேசாகத் திருப்பினேன். பட்டையின் அகலம் மாறியது. நிஜப் பட்டையென்றால் மாறாது.
"நல்லா இருக்கு, இலக்கியா" என்றேன்.

24.1
ஏன் அப்படிச் சொன்னேன்?

29.1, புதன்
சொல்லிவிடத்தான் போனேன். அறிவிப்புப் பலகையில் அவள் புகைப்படம் — சால்வையோடு. திரும்பிவிட்டேன். எனக்கு இன்னா வந்துச்சு? சின்னப் பொண்ணு அவ. நாளைக்குச் சொல்லலாம். நாளன்னைக்கு பஸ் ஏறிடுவா.

31.1
போய்விட்டாள்.

3.2, திங்கள்
கேமராவைத் திருப்பிப் பார்த்தாயா என்று அரங்கில் ஒரு பெரியவர் கேட்டாராம். இல்லை என்றாளாம். சிரித்திருக்கிறார்கள். அழாமல்தான் சொன்னாள்.
"உங்க காலேஜ்ல பிசிக்ஸே இல்லியான்னு கேட்டாங்கக்கா. இருக்காங்க, அவங்களுக்கும் தெரியலன்னு சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."
தெரியும் என்றால் பாவி. தெரியாது என்றால் முட்டாள். மூன்றாவதாக ஒன்றைத் தேடிப் பார்த்தேன்.
"எனக்கும் தெரியலமா."
அவள் முகம் தெளிந்தது. தான் மட்டும் ஏமாறவில்லை என்ற நிம்மதி. என்னை உட்காரவைத்துச் சாக்பீஸ் எடுத்தாள். அலை வரைந்தாள். அதன்மேல் புள்ளி வைத்தாள். புள்ளி குறைந்தால் வேறொரு அலை எப்படித் தோன்றுகிறது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பதினாறு வருடமாக மூன்றாம் ஆண்டுக்கு நான் எடுக்கும் பாடம்.
"புரியுதாக்கா?"
பலகையிலிருந்து கண்ணைத் தாழ்த்தினேன். புரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள். பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள்.