உப்புத் தொட்டியில் முக்கியெடுத்த துப்பாக்கி

2025 செப்டம்பர் 23, செவ்வாய்

பயாலஜி தேர்வில் 94. பரவாயில்லை.

வீட்டுக்கு வந்தால் துப்பாக்கி அலமாரி காலி. "சின்ன வேலைக்குக் குடுத்திருக்கேன்மா" என்று அப்பா சிரித்தார். என்ன வேலை என்று சொல்லவில்லை.

எங்களிடம் இருக்கும் துப்பாக்கி அது ஒன்றுதான். 1926-இல் பர்மிங்காமில் செய்த இரட்டைக் குழல். பிளானோ நகரில், இறந்துபோன யாரோ ஒருவரின் வீட்டுச் சாமான்களை விற்ற எஸ்டேட் சேலில் அப்பா வாங்கினார். குழலின் அடியில் இருந்த முத்திரைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து ஊரையும் ஆண்டையும் கண்டுபிடித்தது நான். மூன்று வாரம் ஆனது. அதனால் அது இருவருக்கும் சொந்தம் என்று நினைத்திருந்தேன்.

அக்டோபர் 4, சனி

துப்பாக்கி வந்துவிட்டது.

மரப்பிடியில் கண்ணாடி மாதிரி வார்னிஷ். குழல்கள் புது கார் போலக் கறுத்து மின்னுகின்றன. செதுக்கியிருந்த பூவேலை மழுங்கிவிட்டது. என் முத்திரைகள் பாதி தேய்ந்துவிட்டன. நூறு வருடம் தாங்கியதை ஒரு கடைக்காரன் இரண்டு வாரத்தில் சுரண்டி எடுத்துவிட்டான்.

"புதுசு மாதிரி இருக்குல்ல?" என்கிறார் அப்பா!

காரணம் சிவராமகிருஷ்ணன் அங்கிள். அப்பாவின் ஆபீஸ் நண்பர், அவரிடம் இப்படி நான்கு இருக்கின்றன. போன மாதம் நம்முடையதைப் பார்த்து, "என்ன சுந்தர், பிளம்பர் விட்டுட்டுப் போன பைப்பா?" என்று கேட்டாராம். அந்த ஒரு கிண்டலுக்காக இவ்வளவும்.

"கல்யாணம்னா நகையை மெருகு போடக் குடுக்குறதில்லையா, அது மாதிரிதான்டி" என்றாள் அம்மா. நகையும் இதுவும் ஒன்றா? யாரிடம் போய்ச் சொல்ல?

அக்டோபர் 5, ஞாயிறு

சர்ச்சில் மனம் நிற்கவில்லை. வரும் வழியில், கடையில் குழல்களுக்கு எப்படிக் கறுப்பேற்றினார்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். கொதிக்கும் உப்புத் தொட்டியில் முக்கி எடுத்தார்களாம்.

இந்தப் பழைய துப்பாக்கிகளில் இரண்டு குழல்களையும் நடுவில் ஓடும் பட்டையையும் ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். கொதிக்கும் உப்பு ஈயத்தைத் தின்றுவிடும். நான் படித்த எல்லாப் புத்தகத்திலும் இது இருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!

குழல்களைக் கழற்றிக் கயிற்றில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினேன். கணீரென்று ஒலிக்க வேண்டும். 'டொக்' என்றது, உள்ளே ஏதோ அதிர்ந்தது. பற்று விட்டுப்போயிருக்கிறது; இனி இதை வைத்துச் சுட்டால் ஆபத்து. அப்பா வாங்கித் தானும் தட்டினார். நான்கு முறை. முகம் சுருங்கிவிட்டது.

"யார்ட்டயும் சொல்லாத."

"அங்கிள்ட்டயுமா?"

"முக்கியமா அவர்ட்ட."

அக்டோபர் 7, செவ்வாய்

மூன்றாவது நாள். அப்பாவோடு பேசவில்லை. காரில் டோல்வே நெடுஞ்சாலை முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 11, சனி

அங்கிளும் அவர் மனைவி விஷாகா ஆன்ட்டியும் சாப்பிட வந்தார்கள். அப்பா அதை எடுத்துக் காட்டினார். காட்டினார்! சுடவே கூடாத ஒன்றை, வெல்வெட் துணி விரித்து.

"யோவ் சுந்தர், அசத்திட்டய்யா! எந்தக் கடை? நம்பர் அனுப்பு. என் லண்டன் துப்பாக்கியை மண்டே டிராப் பண்ணிடறேன்."

அங்கிளின் லண்டன் துப்பாக்கி 1898-இல் செய்தது. இதுவரை யாரும் கை வைக்காதது. அப்பா நம்பரை அனுப்பினார். நான் வாயைத் திறந்தேன்.

"ஜோவானா, பாயசம் எடுத்துட்டு வாம்மா" என்று அப்பா முந்திக்கொண்டார்.

போய் எடுத்து வந்தேன். ஐந்து கிண்ணம். என்னை நினைத்தாலும் எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

அவர்கள் போனதும், "அவர் துப்பாக்கியும் நாசமாயிடும்பா" என்றேன்.

"அதுக்கு? நான் முட்டாள்னு அவர் முன்னாடி நின்னு சொல்லணுமா?"

"ஆமா."

அப்பா மாடிக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 14, செவ்வாய்

அங்கிள் தன் துப்பாக்கியை நேற்றே கடையில் கொடுத்துவிட்டாராம். வியாழக்கிழமை தொட்டியில் இறங்கும். அப்பா அதைக் கேட்டுவிட்டுத் தோசையைத் தொடர்ந்து சாப்பிட்டார். எப்படிப்பா முடியுது உங்களால?

அங்கிளுக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதி, புத்தகப் பக்கங்களை நகலெடுத்து இணைத்திருக்கிறேன். நாளை பள்ளி விட்டதும் நடந்தே போய்க் கொடுப்பேன். அப்பா என்னோடு ஒரு வருடம் பேசாவிட்டாலும் சரி.

அக்டோபர் 15, புதன்

அங்கிள் வீட்டு வாசலில் எங்கள் கார். கராஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே அப்பா ஆபீஸ் பேட்ஜைக்கூடக் கழற்றாமல், எங்கள் துப்பாக்கியின் குழல்களைக் கயிற்றில் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

"கேளுங்க சிவா. செத்துப்போச்சு. சனிக்கிழமை உங்கள்ட்ட பொய் சொல்லிட்டேன். எனக்கு அப்பவே தெரியும்."

அங்கிள் போனை எடுத்துக் கடைக்கு டயல் செய்தார். நான் உள்ளே போகவில்லை. கடிதத்தோடு திரும்பி நடந்தேன்.

அக்டோபர் 18, சனி

அங்கிளின் துப்பாக்கி முழுசாக வீடு திரும்பியது. கூடவே, நடந்த கதையை அவர் ஆபீஸ் நண்பர்களின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். முப்பத்தெட்டுப் பேர்.

"சுந்தர், எங்க வீட்டுக் குக்கரும் பழசாப்போச்சு, தொட்டியில எடம் இருக்கா?" "பாஸ், அடுத்து ஊறுகாயா? உப்பு கரெக்டா போடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்களில் ஒருவராவது தன் தவறை இப்படிப் போய்ச் சொல்லியிருப்பாரா?

"போனைக் குடுங்கப்பா. நான் பதில் எழுதறேன்." பதினான்கு நாள் கழித்து அவரிடம் நானாகக் கோபமில்லாமல் பேசியது இதுதான்.

"வேணாம்மா, சிரிக்கட்டும். நாளைக்கு எவனாவது அந்தக் கடை வாசல்ல போய் நின்னா, இந்த ஜோக் ஞாபகம் வரும்ல?"

மொத்தத்தையும் இரண்டு முறை படித்தேன். ஒன்றுக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை.