முதல் வரியில் அவள் பெயர்

அன்பு மகள் மனோனுக்கு,

உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன், அதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மார்ச்சுக்குப் பிறகு என் கையெழுத்தை உறையில் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்று சொன்னாய். நீயும் வடக்கே அந்த ஆஸ்பத்திரி வேலையில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழையும் காற்றும்தான், படகுகளை எல்லாம் கரையேற்றிவிட்டார்கள். பள்ளியில் எட்டாம் வகுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள்தான், ஆனால் போர் என்ற சொல் பாடத்தில் வந்தால் முப்பது பேரும் ஒரே நேரத்தில் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை படைவீரர் சங்கத் தலைவர் ஃபெர்னான் வந்தார். நவம்பர் பதினொன்றாம் தேதி, போர் நினைவு நாளில், நினைவுத்தூணில் மலர்வளையம் வைப்பது பற்றிப் பேச வேண்டும் என்று உட்கார்ந்தவர், தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். “ஏம்மா ஜோஸ்லின், போர்ல பிள்ளையப் பறிகொடுத்து வெள்ளிச் சிலுவை வாங்குன தாய்தான் வளையம் வைக்கணும், அதுதான் வழக்கம். நம்ம ஊர்ல அம்பது வருஷமா அப்படி யாருமே இல்ல. இப்ப ஒரு பையனுக்கு ரெண்டு சிலுவை இருக்கு, வளையம் ஒண்ணுதான். நான் என்ன பண்ணட்டும்?” என்றார். பெற்றவள் ஒருத்திதான் என்றேன். “அது தெரியும்மா, ஆனா மியூரியலும்...” என்று இழுத்தார். அவர் பாதி குடித்திருந்த காப்பியை எடுத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டேன். நீ இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பாய்.

உன்னிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. கந்தகார் போருக்குப் புறப்படும் முன் ஒவ்வொரு சிப்பாயும் ஒரு தாளை நிரப்பிக் கொடுக்க வேண்டும், தான் செத்துப்போனால் அந்தச் சிலுவை யார் யாருக்குப் போக வேண்டும் என்று, மூன்று பேர் வரைக்கும் எழுதலாம். நம் பையன் ரெமி இரண்டு பெயர்தான் எழுதியிருந்தான். உன் அப்பா பெயர் இல்லை, அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் முதல் வரியில் இருந்தது மியூரியல். இரண்டாவது வரியில்தான் நான். அவனுடைய அந்தக் கோணல் கையெழுத்திலேயே. வரிசைக்கு எந்த அர்த்தமும் இல்லை அம்மா என்று தாளைக் காட்டிய ராணுவ அதிகாரி சொன்னார், அர்த்தம் இல்லாவிட்டால் எதற்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டு அச்சடித்திருக்கிறார்கள்? என் வீட்டுக்காரராக இருந்தவரைக் கட்டிக்கொண்டது போதாதா அவளுக்கு? பையனைப் புதைத்த வாரம்கூட நான் அழுததில் பாதி அந்த முதல் வரிக்காகத்தான். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் பொய் எழுத வரவில்லை.

காரணம் எனக்குத் தெரியும் மனோன், தெரிந்துதான் எரிகிறது. அங்கிருந்து அவனுக்கு வாரத்தில் கொஞ்ச நேரம்தான் போன் கிடைக்கும். எனக்குப் பேசினால் நான் அழுதேன், திரும்பி வந்துவிடு என்று ஒவ்வொரு தடவையும் அழுதேன், அவன் நிமிடங்கள் எல்லாம் என்னைத் தேற்றுவதிலேயே போய்விடும். கிறிஸ்துமஸுக்குப் பிறகு எனக்குப் பேசுவது குறைந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளுக்குப் பேசினான். ஹாக்கியில் யார் ஜெயித்தது என்று அவளிடம்தான் கேட்டான். அவள் அழமாட்டாள் அல்லவா.

வளையத்தை நான்தான் வைப்பேன் என்று நேரில் சொல்லிவிட்டு வரலாம் என வியாழக்கிழமை அவள் வீட்டுக்கே போனேன், அந்த வாசலில் நான் கால் வைத்ததே இல்லை. உன் அப்பா இல்லை. கையெல்லாம் மாவோடு கதவைத் திறந்தாள், “ஷூவோடயே வாங்க, பரவால்ல, வாங்க” என்றாள், மழை நாளில் யாராவது அப்படிச் சொல்வார்களா, அவ்வளவு பதற்றம். நின்றுகொண்டே சொன்னேன். “நீங்கதான் வைக்கணும், வேற யாரு? இதச் சொல்லவா மழையில வந்தீங்க? நான் கூட்டத்தோட நின்னுக்கறேன்” என்றாள். சண்டைக்காக வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போன சொற்கள் எல்லாம் வீணாய்ப் போயின. அவள் விட்டுக்கொடுத்ததும் இன்னும் கோபம்தான் வந்தது. உன் பெயரை ஏன் முதலில் எழுதினான் என்று அவளிடம் கேட்டேவிட்டேன். “எனக்கென்ன தெரியும் ஜோஸ்லின்? என் பேர எழுதப்போறேன்னு சொன்னான். எழுதாதடா, உங்கம்மா என்னக் கொன்னே போட்டுடுவாங்கன்னு சொன்னேன். சிரிச்சான்” என்றாள்.

கிளம்பும்போது கதவருகே வந்து, “ஒண்ணு கேக்கட்டா, கோவிச்சுக்காதீங்க. எனக்கு அவன் பதினோரு வயசுலதான் கெடச்சான். அதுக்கு முன்னாடி எப்படி இருந்தான்? எப்ப நடந்தான்? அவங்கப்பா ரேஜான்கிட்ட கேட்டா, எல்லாப் பிள்ளையும் நடக்கற மாதிரிதான் நடந்தான்கறாரு. அந்த மனுஷன்கிட்ட வேற என்ன வரும்?” என்றாள். அவள் கண்ணில் இருந்தது என்ன என்று எனக்கு உடனே தெரிந்தது, ஏழு மாதமாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தானே. என்னைப் பார்த்து அவளுக்குப் பொறாமை! எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது, சத்தியமாகச் சந்தோஷத்தில்தான். ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். பிறந்த பத்தாவது மாதத்தில், தெருவில் பனி தள்ளும் வண்டியின் சத்தம் கேட்டு, பிடித்திருந்த நாற்காலியை விட்டுவிட்டு அவன் ஜன்னல் வரைக்கும் நடந்ததைச் சொன்னேன். பிசைந்த மாவு காய்ந்துபோனதுகூடத் தெரியாமல் கேட்டாள். “அப்புறம்?” என்றாள். அப்புறம் இன்னொரு நாள் என்று நிறுத்திக்கொண்டேன், நீ ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லு என்றேன்.

அவள் விரலில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டினாள். பிறகு, “எல்லா ஞாயித்துக்கிழமையும் கடைசியா ஒண்ணுதான் கேப்பான். அம்மா இப்பவும் அழறாங்களான்னு” என்றாள். நீ என்ன சொன்னாய் என்றேன். “இல்லடா, நல்லா இருக்காங்க, தோட்டத்துல வேல பாக்கறாங்கன்னு சொல்லுவேன். நல்லதுன்னு போன வச்சிருவான்.” என்னைப் பற்றி என் பிள்ளை கேட்டது, அதுகூட அவளிடம்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவள் அவனுக்குச் சொன்ன பொய்யில்தான் அவன் நிம்மதியாக இருந்திருக்கிறான். நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லவில்லை.

இனி வியாழன்தோறும் போகப்போகிறேன். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னால் நான் அவன் சின்ன வயதிலிருந்து ஒன்று சொல்வேன், எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்துவிட மாட்டேன். ஃபெர்னானிடமும் சொல்லிவிட்டேன், வளையத்தை நான்தான் பிடிப்பேன், மியூரியல் என் இடது பக்கம் நடந்து வரட்டும், அரை அடி பின்னால். “அளந்து கோடு போட்டு வைக்கட்டுமா?” என்றார், தைரியம்தான் அவருக்கு.

நீ அவளுக்கு அடிக்கடி போன் பேசுகிறாய் என்பதும் எனக்குத் தெரியும். பேசு, என்னிடம் சொல்லாதே. இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே. கடவுள் உன்னைக் கண்ணில் வைத்துக் காக்கட்டும், அந்த இருட்டுக் குளிர்காலத்தில் உனக்கு நல்ல துணைகள் அமையட்டும். ஒன்று மறக்காமல் செய்ய வேண்டும், ரெமிக்கு முதல் பல் எப்போது, எங்கே விழுந்தது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை, நீ பக்கத்தில் இருந்திருப்பாய். தெரிந்தால் உடனே எனக்கு எழுது, அவளுக்கு எழுதிவிடாதே.

என்றும் உன் அம்மா,
ஜோஸ்லின்