பதினாறில் ஒன்று

5 ஜூலை 1958, சனி

கல்லூரியில் இன்று புள்ளியியல் வகுப்பில் யூனிஃபார்ம் டிஸ்ட்ரிப்யூஷன், அதாவது சீர்பரவல், ஆரம்பித்தேன். எந்தக் கணமும் இன்னொன்றைவிட உசத்தியில்லை; வேண்டிய நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் நிகழ்தகவு. இதைவிட சுலபமான பாடம் உண்டா?

மங்கைக்கு ஒன்பதாம் மாதம். சேலத்தில் அவள் அண்ணா வீட்டில் பெண் துணை இல்லாததால் பிரசவம் இங்கே பெங்களூர் மல்லேஸ்வரத்தில்தான். காப்பி கொடுத்தபடி கேட்டாள்: "ஏன்னா, ராகுகாலத்துல வலி எடுத்தா உங்கம்மா வாசல்படி தாண்ட விடுவாளா?"

நாளுக்கு இருபத்துநாலு மணி, ராகுகாலம் ஒன்றரை. பதினாறில் ஒன்று. இதற்காக இப்போதே அம்மாவிடம் ரகளை எதற்கு என்றேன்.

"அந்த ஒண்ணு வந்துட்டா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

9 ஜூலை

மழை. அம்மாவிடம் இன்றும் பேசவில்லை.

14 ஜூலை, திங்கள்

விடிந்ததும் வலி. எட்டு மணிக்கு ஜட்கா வண்டி வாசலில் நின்றது. அம்மா குறுக்கே வந்து நின்றாள். "ஒன்பது மணி வரைக்கும் ராகுகாலம்டா ஆராவமுதா. தலைச்சன், மெதுவாத்தான் பொறக்கும்."

மனசு கணக்குப் போட்டது. வலி பத்து மணி நேரம் நீளும். சிக்கல் எப்போது வேண்டுமானாலும் வரலாம். இந்த ஒரு மணிக்குள் வர பத்தில் ஒன்று. பரவாயில்லை — பரவாயில்லையாம்!

ஜட்காக்காரர் இரண்டு தடவை, "சாமி, போலாமா?" என்றார். மங்கை என்னையே பார்த்தாள். ஒன்பதுக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். அம்மா இல்லை. நான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா உயிரோட எடுத்திருக்கலாம்" என்றார்.

பெண் குழந்தை.

எல்லாக் கணமும் சமம்னு எவன்டா சொன்னான்? என்ன படிச்சு என்ன?

2 ஆகஸ்ட்

மங்கை என்னோடு பேசுவதில்லை. அம்மா தலையெழுத்து என்கிறாள். வகுப்பில் ஒருவன் கேட்டான்: "சார், குறிப்பிட்ட ஒரே ஒரு கணத்துக்கு நிகழ்தகவு எவ்வளவு?" பூஜ்யம் என்றேன். அப்படியானால் என் குழந்தை போன கணம்? அதற்குமேல் பாடம் நடத்த முடியவில்லை.

18 ஆகஸ்ட், திங்கள்

மங்கையைச் சேலத்துக்கு அழைத்துப்போக அவள் அண்ணா நேற்றே வந்துவிட்டார். காலை ஆறு மணிக்கே தயாராகிவிட்டவள், ஏழரை தாண்டியதும் பெட்டியோடு வாசலுக்கு வந்தாள். அம்மா காலண்டரைப் பார்த்தாள், வழியை விட்டு விலகினாள்.

போகாதே என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கிறது? ஆனாலும் ஏதாவது சொல்ல வேண்டுமே. "மங்கை, இப்போ ராகுகாலம்" என்றேன்.

"தெரியும். அதுக்குத்தான் காத்துண்டிருந்தேன்."

ஜட்கா போன பிறகு ஒன்பது மணி வரை வாசலிலேயே நின்றேன்.