தூக்கத்திலேயே குடித்துத் தீர்த்த சிப்

சேவியர், என் செல்ல மச்சி,

உன் முப்பதாம் நாள் பூசைக்குக்கூட எட்டிப் பார்க்காத நம் மேனேஜருக்கு நேற்று திடீரென்று உன் ஞாபகம் வந்துவிட்டது. "சேவியரோட டிசைன்ல தப்பு, ரிப்போர்ட்ல அப்படியே எழுதிடுங்க" என்றார். செத்தவன் எதிர்த்துப் பேசமாட்டான் என்கிற தைரியம். தூ!

சைதாப்பேட்டை நர்சிங் ஹோமில் நம் கம்பெனி மாட்டிய டோக்கன் போர்டு, சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டால் எரிவதில்லை. வோல்டேஜ் நூற்றறுபதுக்கு இறங்குகிற நேரம் அது. வயர்மேன் முனுசாமி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இன்னா சார், சிவப்பு நம்பரே காணோம். நர்ஸம்மா ஒவ்வொரு நம்பரா தொண்டை கிழிய கத்திக்கினு கீது" என்றான்.

உனக்குச் சொல்ல வேண்டுமா? எல்.இ.டி.களை ஓட்டும் சிப், விழிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு ரெசிஸ்டர் வழியாக வரும் துளிக் கரண்ட்டை நம்பித்தான் இருக்கிறது. அந்தத் துளி பக்கத்துக் கெப்பாசிட்டரை நிரப்பினால்தான் அது எழும். எழுந்தபின் தனக்கு வேண்டியதை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எடுத்துக்கொள்ளும். தூக்கத்திலேயே எல்லாவற்றையும் குடித்துவிடுகிற சிப்பென்றால், வோல்டேஜ் குறைந்த நேரத்தில் கெப்பாசிட்டர் நிரம்பவே நிரம்பாது. மதிப்புக் குறைந்த ரெசிஸ்டர் போட்டால் கரண்ட் கூடி எழும். ஆனால் போர்டு எரிகிற நேரமெல்லாம் அந்த ரெசிஸ்டர் வெட்டியாகச் சுட்டுக்கொண்டு கிடக்கும். அதனால்தானே குறைவாகக் குடிக்கும் சிப்பைத் தேடித் தேடிப் போட்டாய்?

நீ படுக்கையில் கிடந்த மாதம் அது கிடைக்கவில்லையென்று மேனேஜர் அதிகம் குடிக்கும் பழைய ரகத்தை வாங்கிவிட்டார். "எட்டுக் காலும் அதே எடத்துல உக்காருதே, அப்புறம் என்ன?" காலை எண்ணிச் சிப் வாங்குகிற மேதை! சோதனை எங்கே? தேனாம்பேட்டை ஆபீசில், ஸ்டெபிலைசர் கொடுக்கிற இருநூற்று முப்பது வோல்ட்டில். எரியாமல் என்ன செய்யும்? நீயாக இருந்தால் வோல்டேஜை நூற்றைம்பதுக்கு இறக்கி, அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்திருப்பாய். எங்களுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது.

எங்களுக்கு என்று எழுதிவிட்டேன், பார்த்தாயா? சோதனைத் தாளில் 'சரி' என்று கையெழுத்துப் போட்ட மகராசன் யார் என்று கேட்கமாட்டாயா? நான்தான். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். மேனேஜரைக் காறித் துப்பிவிட்டு என்னை மட்டும் எப்படி விடுவது?

ரிப்போர்ட் என் மேஜையில் கிடக்கிறது. உன் பெயரை அடித்துவிட்டேன். திங்கட்கிழமை அந்த இடத்தில் மேனேஜர் பெயர் இருக்கும். அதற்கு மேலே என் பெயர் இருக்கும். வேலை போனால் போகட்டும். உன் மகள் வளர்ந்து, அப்பா செய்த போர்டு ஏன் எரியவில்லை என்று கேட்டால், எரியவிடாமல் செய்தவன் நான் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

அவளுடைய ஞானத்தகப்பன்,
ஆரோக்கியம்